கடிகார வேகத்தை உயர்த்தலும் உறுதிநிலையைச் சோதித்தலும்



கணினியின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று முறைவழியாக்கியின் கடிகார வேகம் என்று ஒரு வரியில் மனனம் செய்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம். கடிகார வேகம் கூடினால் கணினியும் வேகமாக இயங்குமெனின், அதனை நாமே ஏன் கூட்டிக்கொள்ளக் கூடாது? இவ்வினாவை வகுப்பில் எவரேனும் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுண்டு. கூட்டலாம் என்பதே விடை. ஆயினும் கூட்டிய பின்னர் கணினி இயங்குகின்றது என்பது வேறு; பிழையின்றி இயங்குகின்றது என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதே இப்பகுதியின் நோக்கமாகும்.

1. கடிகார வேகம் என்பது யாது?

முறைவழியாக்கியினுள் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் ஆளிகளாகத் தொழிற்படுகின்றன. இவை யாவும் ஒரே தாளத்துக்கு இயங்குவதற்காக வழங்கப்படும் மின்துடிப்பே கடிகாரத் துடிப்பு எனப்படும். ஒரு செக்கனில் உண்டாகும் துடிப்புகளின் எண்ணிக்கை கடிகார வேகம் ஆகும். இதன் அலகு ஹேட்ஸ். 1 கிகாஹேட்ஸ் என்பது செக்கனுக்கு 100 கோடி துடிப்புகளைக் குறிக்கும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளங்கிக்கொள்வோம். வீடு கட்டும் இடத்தில் வேலையாட்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைமாற்றுகின்றனர் எனக் கொள்க. மேற்பார்வையாளர் விசில் ஊதும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள கல்லை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். விசிலை விரைவாக ஊதினால் வேலையும் விரைவாக முடியும். ஆனால், வரிசையில் மிகவும் மெதுவாகக் கை நீட்டுபவர் எவரோ அவருடைய வேகத்தை விசில் மிஞ்சுமானால் கல் கீழே விழும்.

இங்கு விசிலே கடிகாரத் துடிப்பு. கை மாறும் கல்லே தரவு. கல்லை வாங்கிக் கொடுக்க எடுக்கும் நேரமே தருக்கப் படலைகளினூடாகச் சமிக்ஞை செல்ல எடுக்கும் நேரம். 2.4 கிகாஹேட்ஸ் வேகத்தில் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 0.417 நனோசெக்கன். 3.0 கிகாஹேட்ஸில் அது 0.333 நனோசெக்கனாகக் குறைகின்றது. அந்நேரத்துக்குள் சமிக்ஞை போய்ச் சேராவிடின் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதியப்படும். கணினி தரும் பிழையான விடைக்கு இதுவே மூலகாரணம்.

2. ஓவர்குளொக்கிங் என்றால் என்ன?

உற்பத்தியாளர் குறித்த கடிகார வேகத்திலும் கூடிய வேகத்தில் முறைவழியாக்கியை இயங்கச் செய்தல் ஓவர்குளொக்கிங் எனப்படும். இதற்குப் பயன்படும் சமன்பாடு எளிமையானது.

கடிகார வேகம் = அடிப்படை மீடிறன் × பெருக்கி

அடிப்படை மீடிறன் தாய்ப்பலகையினால் வழங்கப்படுவது. பெருக்கி முறைவழியாக்கிக்கு உரியது. இவ்விரண்டும் பயோஸ் அமைப்புத் திரையில் காணப்படும்.

உதாரணம் 1: 1998 இல் வெளிவந்த இன்ரெல் செலரோன் 300ஏ முறைவழியாக்கியின் அடிப்படை மீடிறன் 66.67 மெகாஹேட்ஸ், பெருக்கி 4.5 ஆகும். வேகம் 300 மெகாஹேட்ஸ். அடிப்படை மீடிறனை 100 ஆக்கியபோது 100 × 4.5 = 450 மெகாஹேட்ஸ் கிடைத்தது. பலருடைய செலரோன்கள் இவ்வேகத்தைத் தாங்கியமையால் ஓவர்குளொக்கிங் வீடுகள் வரை பரவியது.

உதாரணம் 2: 2007 ஜனவரியில் வெளிவந்த இன்ரெல் கோர் 2 குவாட் கியூ6600 நான்கு கருக்களைக் கொண்டது. அடிப்படை மீடிறன் 266.67 மெகாஹேட்ஸ், பெருக்கி 9, வேகம் 2.4 கிகாஹேட்ஸ். இதன் பெருக்கியை 9 இற்கு மேல் உயர்த்த முடியாதவாறு உற்பத்தியாளர் பூட்டியிருந்தனர். எனவே, அடிப்படை மீடிறனையே உயர்த்த வேண்டும். அதனை 333.33 ஆக்கினால் 3.0 கிகாஹேட்ஸும், 400 ஆக்கினால் 3.6 கிகாஹேட்ஸும் பெறப்படும். இப்பகுதி முழுவதிலும் இம்முறைவழியாக்கியையே உதாரணமாகக் கொள்வோம்.

இவ்வாறு உயர்த்துவதற்கு இடம் எங்கிருந்து வந்தது? ஒரே வார்ப்பில் உருவாகும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, வெப்பமான அறை, பழைய மின்வலு வழங்கி, பல ஆண்டுப் பாவனை ஆகிய யாவற்றையும் தாங்குமாறு சற்று இடைவெளி விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர். ஓவர்குளொக்கிங் செய்பவர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியையே எடுத்துச் செலவிடுகின்றார். எவரும் இலவசமாக வேகத்தைப் பெறுவதில்லை என்பதை மனதிற் கொள்க.

3. வெப்பம் ஏன் பெருகுகின்றது?

வேகத்தை உயர்த்தும்போது ஒரு கட்டத்தில் சமிக்ஞைகள் பின்தங்கும். வோல்ற்றளவைச் சிறிது கூட்டினால் திரான்சிற்றர்கள் விரைவாக மாறும். கணினி மீண்டும் இயங்கும். ஆனால், திரான்சிற்றர்கள் மாறும்போது செலவாகும் வலு பின்வரும் தொடர்பைப் பின்பற்றுகின்றது.

வலு = மாறிலி × வோல்ற்றளவு × வோல்ற்றளவு × மீடிறன்

வோல்ற்றளவு வர்க்கமாக வருவதை அவதானிக்க. 2.4 கிகாஹேட்ஸில் 1.25 வோல்ற்று தேவைப்படும் கியூ6600 ஒன்றை எடுத்துக் கணிப்போம்.

(அ) 3.0 கிகாஹேட்ஸ், 1.35 வோல்ற்று எனின்:
மீடிறன் விகிதம் 3.0 ÷ 2.4 = 1.25
வோல்ற்றளவு விகிதம் 1.35 ÷ 1.25 = 1.08, அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.17
வலு விகிதம் 1.25 × 1.17 = 1.46

(ஆ) 3.6 கிகாஹேட்ஸ், 1.45 வோல்ற்று எனின்:
மீடிறன் விகிதம் 1.5
வோல்ற்றளவு விகிதம் 1.16, அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.35
வலு விகிதம் 1.5 × 1.35 = 2.02

அதாவது 25 சதவீத வேகத்துக்கு 46 சதவீத மேலதிக வலுவும், 50 சதவீத வேகத்துக்கு இரு மடங்கு வலுவும் செலவாகும். இவ்வலு முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவரும். ஹீற் சிங்க் எனப்படும் வெப்பமகற்றியும் மின்விசிறியும் அதனை அகற்ற வேண்டும். கியூ6600 இன் முதற்பதிப்பு 105 வாற்றுக்கும், 2007 நடுப்பகுதியில் வந்த திருந்திய பதிப்பு 95 வாற்றுக்கும் குறிக்கப்பட்டன. உடன் வரும் மின்விசிறி அந்த அளவுக்காகவே அமைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்விசிறி அறையிலுள்ள காற்றையே வீசுகின்றது. அறை 22 பாகை செல்சியஸில் இருந்து 32 பாகைக்கு உயர்ந்தால் முறைவழியாக்கியின் வெப்பநிலையும் ஏறத்தாழ 10 பாகை உயரும். குளிர்நாட்டவர் ஒருவர் பெற்ற வேகம் எமது சித்திரை மாத வெயிலில் நிலைக்கும் என்று கொள்ள முடியாது.

4. பல்கரு முறைவழியாக்கியில் உள்ள சிறப்புச் சிக்கல்

கியூ6600 இன் உறையினுள் இரண்டு சில்லுகள் உள்ளன. ஒவ்வொரு சில்லிலும் இரண்டு கருக்கள் உள்ளன. முன்னைய உதாரணத்தில் நான்கு வரிசை வேலையாட்கள் நிற்பதாகவும், நால்வரிசைக்கும் ஒரே விசில் ஊதப்படுவதாகவும் கருதுக. மூன்று வரிசைகள் சமாளித்தாலும் நான்காம் வரிசையில் கல் விழுந்தால் வேலை பிழைத்துவிடும். எனவே,

• மிகப் பலவீனமான கருவே முழு முறைவழியாக்கியின் எல்லையைத் தீர்மானிக்கின்றது.
• ஒரு கருவுக்கு மட்டும் வேலை கொடுக்கும் சோதனை ஏனைய மூன்று கருக்களைப் பற்றி எதுவும் கூறாது.
• நான்கு கருக்களும் ஒரேவேளையில் உழைக்கும்போதே உச்ச வெப்பம் தோன்றும். ஆகவே சோதனை நான்கிலும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

5. படிமுறை

(1) முக்கியமான கோப்புகளை வெளி ஊடகமொன்றில் பிரதி செய்து, பிரதிகளைப் பிறிதொரு கணினியில் திறந்து பார்க்க.

(2) வெப்பமகற்றியிலுள்ள தூசியை அகற்றுக.

(3) எதையும் மாற்றாமல், உரிய வேகத்திலேயே முதலில் சோதிக்க. இங்கேயே பிழை வந்தால் கோளாறு வேறிடத்தில் உள்ளது. வெப்பநிலையையும் வோல்ற்றளவையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்க.

(4) பயோஸில் பீசீஐ பாட்டையின் மீடிறனை 33 மெகாஹேட்ஸிலும், பீசீஐ எக்ஸ்பிரஸ் மீடிறனை 100 மெகாஹேட்ஸிலும் நிலைநிறுத்துக. இவை சேர்ந்து உயர்ந்தால் வன்றட்டில் எழுதப்படும் தரவும் பழுதாகலாம்.

(5) பிரதான நினைவகத்தின் வேகமும் அடிப்படை மீடிறனுடன் சேர்ந்து உயரும். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 333 மெகாஹேட்ஸுக்கு டிடிஆர்2-667 நினைவகமும், 400 மெகாஹேட்ஸுக்கு டிடிஆர்2-800 நினைவகமும் போதுமானவை.

(6) அடிப்படை மீடிறனை ஒரு தடவைக்கு 10 மெகாஹேட்ஸ் வீதம் உயர்த்துக. ஒவ்வொரு படியிலும் 10 முதல் 15 நிமிடம் சோதிக்க.

(7) பிழை தோன்றினால் ஒரு படி கீழிறங்குக. அல்லது வோல்ற்றளவை மிகச் சிறிதளவு கூட்டுக. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் பிழைக்குக் காரணம் எது என அறிய முடியாது.

(8) இறுதியாகத் தெரிவு செய்த வேகத்தில் நீண்ட நேரச் சோதனையைச் செய்க.

கணினி தொடங்க மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. மின்னிணைப்பைத் துண்டித்து, தாய்ப்பலகையிலுள்ள சீமோஸ் நினைவகத்தை அழித்தால் பயோஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

கவனிக்க: வேலையின்றி இருக்கும்போது கியூ6600 தன் பெருக்கியை 6 ஆகக் குறைத்து மின்னைச் சேமிக்கும். அவ்வேளை 1.6 கிகாஹேட்ஸ் எனக் காட்டுவது கோளாறன்று.

6. உறுதிநிலைச் சோதனை

குறித்த வேகத்தில், எல்லாக் கருக்களும் முழுச் சுமையுடன் நீண்ட நேரம் உழைக்கும்போதும் பிழையின்றி விடை தரும் தன்மை உறுதிநிலை எனப்படும். இதனை அறியப் பெரிதும் பயன்படும் மென்பொருள் பிரைம்95 ஆகும். 1996 இல் ஜோர்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, மிகப் பெரிய மேர்சென் முதன்மை எண்களைத் தேடும் திட்டத்துக்காக எழுதப்பட்டது இது.

மேர்சென் எண் என்பது 2 இன் அடுக்கொன்றிலிருந்து 1 ஐக் கழிக்க வருவது. 2⁷ − 1 = 127; இது முதன்மை எண். 2¹¹ − 1 = 2047 = 23 × 89; இது முதன்மை எண்ணன்று. இத்திட்டம் 2024 இல் கண்டறிந்த முதன்மை எண்ணில் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. இத்தகைய கணிப்பில் ஒரே ஒரு பிற்று பிழைத்தாலும் பல நாள் உழைப்பு வீணாகும். எனவே, கணினி நம்பத்தக்கதா என முற்கூட்டியே பார்ப்பதற்கு அம்மென்பொருளில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது.

அச்சோதனை ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான கணிப்புகளைக் கொடுத்து, பெறப்படும் விடையை ஏற்கெனவே தெரிந்த சரியான விடையுடன் ஒப்பிடுகின்றது. வேறுபாடு தோன்றினால் அக்கருவின் வேலையை நிறுத்திப் பிழையை அறிவிக்கின்றது. வெறுமனே கணினியைச் சூடாக்கும் மென்பொருளிலும் இது சிறந்தது என்பதற்கு இந்த ஒப்பீடே காரணம்.

சோதனை வகைகள்:

• சிறிய அளவுக் கணிப்புச் சோதனை: தரவு பதுக்கு நினைவகத்தினுள் அடங்குவதால் கருக்கள் ஓய்வின்றி உழைக்கும். முறைவழியாக்கியையும் குளிரூட்டலையும் சோதிக்க ஏற்றது.
• கலப்புச் சோதனை: பிரதான நினைவகத்தையும் சேர்த்துச் சோதிக்கும்.
• மெம்ரெஸ்ற்86+: பணிசெயல் முறைமை தொடங்குவதற்கு முன்னரே நினைவகத்தை மட்டும் சோதிக்கும். நினைவகம் பிழையாக இருக்கையில் பணிசெயல் முறைமையை இயக்கினால் அதன் கோப்புகளே பழுதாகலாம் என்பதால் இது முதலிற் செய்யத்தக்கது.

இறுதிச் சோதனையை ஆர்வலர்கள் 8 மணி முதல் 24 மணி நேரம் வரை நடத்துவர். இடையிடையே வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். கியூ6600 இன் 95 வாற்றுப் பதிப்புக்கு உறையின் வெப்பநிலை எல்லை 71 பாகை செல்சியஸ் ஆகும். கருவினுள் அளக்கப்படும் வெப்பநிலை உறையின் வெப்பநிலையிலும் கூடியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வெப்பம் எல்லை மீறினால் முறைவழியாக்கி தானாக வேகத்தைக் குறைக்கும். மேலும் மீறினால் கணினியை நிறுத்திவிடும்.

உறுதியின்மையின் அறிகுறிகள்:

(அ) நீலத் திரை தோன்றல் அல்லது கணினி தானாக மீளத் தொடங்கல்
(ஆ) திரை உறைந்து நிற்றல்
(இ) பிரைம்95 இல் ஒரு கரு மட்டும் பிழை காட்டி நிற்றல்
(ஈ) எந்த அறிவிப்பும் இன்றிக் கோப்பு பழுதாதல்

இவற்றுள் (அ), (ஆ) என்பன சத்தமிட்டுத் தெரிவிக்கும் பிழைகள். (ஈ) மௌனமான பிழை. அதுவே மிகவும் ஆபத்தானது.

7. உற்பத்தியாளருக்கும் பொதுவான விதி

2000 ஜூலை இறுதியில் இன்ரெல் நிறுவனம் 1.13 கிகாஹேட்ஸ் பென்ரியம் III முறைவழியாக்கியை வெளியிட்டது. அது சாதாரண வேலைகளைச் செய்தது. ஆனால், லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருநிரலைத் தொகுக்கும்போது தவறியதை வன்பொருள் விமர்சகர்கள் கண்டறிந்தனர். ஒரு மாதத்துக்குள் நிறுவனம் அதனைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. குறித்த சில கட்டளைகள், தரவு, வெப்பநிலை ஆகியன ஒன்றுசேரும்போது மட்டுமே பிழை தோன்றியது.

ஓர் எளிய சோதனையில் சித்தியடைவது எல்லாச் சோதனையிலும் சித்தியடைவதாகாது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

8. எமது வகுப்பின் அனுபவம்

நான் கலைப் பட்டதாரி. வன்பொருளைப் பட்டறிவினாலேயே கற்றேன். எமது வகுப்புக்குப் பாவித்த கணினி ஒன்றை வாங்கினோம். அதில் கியூ6600 இருந்தது. முன்னர் வைத்திருந்தவர் அதனை 3.0 கிகாஹேட்ஸில் அமைத்திருந்தார். வேகமாக இயங்கியதால் நாமும் மகிழ்ந்து அப்படியே விட்டோம். தூசி தட்டவும் இல்லை, சோதிக்கவும் இல்லை.

மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. சித்திரை மாதத்தில், மாணவர்களுக்காகத் தட்டெழுதிச் சுருக்கி வைத்திருந்த வினாத்தாள் கோப்புகள் திறக்க மறுத்தன. பிரதி எடுத்திருக்கிறோமே என்று தேடினால், பிரதிகளையும் அதே கணினியிலேயே சுருக்கியிருந்தோம். அவையும் பழுது. பிரைம்95 ஐ ஓடவிட்டபோது மூன்று கருக்கள் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கரு 20 நிமிடத்துக்குள் பிழை காட்டி நின்றது. 2.4 கிகாஹேட்ஸுக்கு இறக்கித் தூசியை அகற்றிய பின்னர் இரவு முழுதும் ஓடியும் பிழை வரவில்லை.

கணினி குணமானது. கோப்புகள் திரும்பவில்லை. பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபடியால் மாணவர்களே தாள்களைப் பங்கிட்டு மீண்டும் தட்டெழுதினர். 20 நிமிடச் சோதனையைச் செய்யாமைக்கு நாம் கொடுத்த விலை அது.

9. இன்றைய நிலை

2008 நவம்பரில் வெளிவந்த கோர் ஐ7 முதல், இடமிருக்கும்போது தானாகவே வேகத்தைக் கூட்டும் வசதியை இன்ரெல் முறைவழியாக்கிகள் பெற்றன. பின்னர் பெருக்கி பூட்டப்படாத பதிப்புகளும் தனியாக விற்கப்பட்டன. 2017 இல் அறிமுகமான ஏஎம்டி ரைசன் முறைவழியாக்கிகளும் பெருக்கி பூட்டப்படாமலே வந்தன. தற்கால முறைவழியாக்கிகள் பாதுகாப்பு இடைவெளியின் பெரும்பகுதியைத் தாமே பயன்படுத்திவிடுவதால் நாம் கூட்டுவதற்கு மிஞ்சுவது சொற்பமே. ஒரு கரு மட்டும் உழைக்கும்போது அதன் வேகம் மேலும் உயர்வதால், இக்காலக் கணினிகளில் எல்லாக் கருக்களையும் ஒருங்கே சோதிப்பதுடன் ஒவ்வொன்றாகவும் சோதிக்க வேண்டும்.

கூடிய வோல்ற்றளவின் தீங்கு இன்றும் மாறவில்லை. தனது 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியாக்கிகள் சில, தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவினால் உறுதியிழந்தமையை 2024 இல் இன்ரெல் ஏற்றுக்கொண்டது. திருத்தங்களை வெளியிட்டதோடு உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. ஏற்கெனவே பழுதடைந்த சில்லுகளை அத்திருத்தங்களால் குணமாக்க முடியவில்லை.

10. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: பெருக்கி 9 உடைய முறைவழியாக்கியின் அடிப்படை மீடிறன் 300 மெகாஹேட்ஸ் ஆக்கப்பட்டது. கடிகார வேகம் யாது?
விடை: 300 × 9 = 2700 மெகாஹேட்ஸ், அதாவது 2.7 கிகாஹேட்ஸ்.

வினா 2: வோல்ற்றளவு மாறாதிருக்க வேகம் 2.4 இலிருந்து 2.7 கிகாஹேட்ஸ் ஆயின் வலு எத்தனை சதவீதம் கூடும்?
விடை: 2.7 ÷ 2.4 = 1.125. ஆகவே 12.5 சதவீதம்.

வினா 3: பிரைம்95 சோதனையில் மூன்று கருக்கள் 12 மணி நேரம் பிழையின்றி இயங்கின. நான்காவது கரு 40 நிமிடத்தில் பிழை காட்டியது. இத்தொகுதி உறுதியானதா? காரணம் தருக.
விடை: உறுதியானதன்று. மிகப் பலவீனமான கருவே முழுத் தொகுதியின் எல்லையைத் தீர்மானிக்கின்றது.

வினா 4: நீலத் திரையிலும் மௌனமாகக் கோப்பு பழுதாதல் ஆபத்தானது ஏன்?
விடை: நீலத் திரை பிழையை உடனே அறிவிக்கும். மௌனமான பிழை அறியப்படாமலே பிரதிகளுக்கும் பரவும்.

வினா 5: வேகம், வோல்ற்றளவு இரண்டையும் ஒரே தடவையில் மாற்றலாகாது ஏன்?
விடை: பிழை தோன்றினால் அதற்குக் காரணம் எதுவென அறிய முடியாமற் போகும்.

மாணவர்களே, பாடசாலைக் கணினியிலோ பிறருடைய கணினியிலோ இதனைச் செய்து பார்க்க வேண்டாம். குறித்த எல்லைக்கு வெளியே இயக்கியதால் வரும் சேதத்தை உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. உங்களுடைய கணினியிற் செய்வதாயின் கொப்பியும் பேனாவும் அருகிலிருக்கட்டும்.

கணக்குப் பரீட்சையில் முதலாவதாக எழுதி முடிப்பவருக்குத் தனிப்புள்ளி இல்லை. விடை சரியாயின் மட்டுமே புள்ளி. கணினிக்கும் அதுவே நியதி.